தேயும் கோட்டில் ஒரு நெளிவு: குளிர் மூலக்கூறுகளில் ஸ்பின் மாதிரி

2013 செப்டம்பரில் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரைபடம் இருக்கிறது. கிடை அச்சில் காலம், மில்லிசெகண்டில். நிலை அச்சில் கான்ட்ராஸ்ட் என்ற ஓர் அளவு; துகள்கள் எவ்வளவு ஒரே தாளத்தில் ஆடுகின்றன என்பதை அது காட்டும். நேரம் போகப் போக அது குறைந்துகொண்டே வருகிறது. முதல் பார்வைக்கு அதில் விசேஷம் எதுவும் தெரியாது. குவாண்டம் சோதனை செய்கிற யாரும் தினமும் பார்க்கிற கோடுதான் அது. காந்தப்புலம் கொஞ்சம் ஆடினாலும், லேசரின் செறிவு இடத்துக்கு இடம் மாறினாலும் கான்ட்ராஸ்ட் இப்படித்தான் சரியும். ஆனால் இந்தக் கோடு ஒரே சீராக இறங்கவில்லை. இறங்குகிறது, லேசாக மேலே ஏறுகிறது, பிறகு மறுபடி இறங்குகிறது.

அந்தச் சின்ன நெளிவை வைத்துக்கொண்டு ஆய்வுக் குழு சொன்ன செய்தி பெரியது. ஒன்றையொன்று தொடாமல், நகராமல், தனித்தனிக் குழிகளில் அடைபட்டுக் கிடக்கும் மூலக்கூறுகள் காந்தப் பொருளுக்குள் இருக்கும் ஸ்பின்கள் என்ற குட்டிக் காந்தங்களைப் போலத் தங்கள் நிலையைப் பரிமாறிக்கொள்கின்றன என்றார்கள். அமெரிக்காவின் போல்டர் நகரில் கொலராடோ பல்கலைக்கழகமும் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து நடத்தும் ஜைலா ஆய்வகத்தில், ஜுன் யே, டெபோரா ஜின் இருவரின் குழு செய்த சோதனை அது. கட்டுரையின் முதல் ஆசிரியர் போ யான். கோட்பாட்டுப் பக்கத்தில் ஆனா மரியா ரே, கேடன் ஹசார்ட் போன்றவர்கள் இருந்தார்கள்.

சரிவு என்பது பழுதின் அடையாளம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். இங்கே சரிவுதான் சேதி என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதை எப்படி நிரூபித்தார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இந்தத் துறையில் இதைவிட அழகான படங்கள் பின்னால் வந்திருக்கின்றன. ஆனாலும் வாதம் கட்டப்பட்ட விதத்துக்காக நான் திரும்பத் திரும்பப் போய்ப் படிப்பது இந்தக் கட்டுரையைத்தான்.

எதை நகலெடுக்கப் பார்த்தார்கள்

இரும்பு ஏன் காந்தமாகிறது? ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம், அவை எல்லாம் ஒரே திசையில் வரிசையாக நிற்கின்றன என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். அது சரிதான். ஆனால் அந்தக் குட்டிக் காந்தங்கள் தங்களுக்குள் செலுத்தும் காந்த விசை மிகவும் பலவீனமானது. அதை மட்டும் நம்பியிருந்தால் ஒரு கெல்வின் வெப்பநிலையிலேயே வரிசை கலைந்துவிடும். இரும்போ 1043 கெல்வின் வரை தாங்குகிறது. அந்த வலிமை வேறு இடத்திலிருந்து வருகிறது. மின்னூட்ட விலக்கமும் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருக்கக் கூடாது என்ற பௌலியின் தவிர்ப்பு விதியும் சேர்ந்து, பக்கத்துப் பக்கத்து ஸ்பின்களுக்கு இடையே 'பரிமாற்றம்' என்ற ஒரு பிணைப்பை உண்டாக்குகின்றன. ஹைசன்பர்க் 1928-இல் எழுதிய மாதிரி இதைத்தான் கணக்கில் கொள்கிறது.

மாதிரியை ஒரே வரியில் எழுதிவிடலாம். தீர்ப்பதுதான் பாடு. மேல், கீழ் என்று இரண்டே நிலை உள்ள 50 ஸ்பின்களை எடுத்துக்கொண்டாலே, அவற்றின் கூட்டு நிலையைக் குறிக்க 2-இன் 50-ஆம் படி எண்கள் வேண்டும். அதாவது ஆயிரம் இலட்சம் கோடிக்கும் மேல். அவை காலத்தோடு எப்படி மாறுகின்றன என்று பின்தொடர்வது இன்னும் சிரமம். 1981-இல் ரிச்சர்ட் ஃபைன்மன் ஓர் உரையில் இதற்கு ஒரு வழி சொன்னார்: குவாண்டம் உலகத்தைக் கணக்கிட இன்னொரு குவாண்டம் அமைப்பையே பயன்படுத்துங்கள். நமக்கு வேண்டிய சமன்பாட்டுக்கு எது கட்டுப்படுகிறதோ அதைக் கட்டி, ஓடவிட்டு, அளந்து பார்த்துவிடலாம்.

குளிர்ந்த அணுக்களை வைத்து இதைச் செய்வதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. எதிரெதிராக வரும் லேசர் கற்றைகள் ஒன்றோடொன்று கலந்தால் நிலையலை உண்டாகும். அதன் ஒளி மேடுபள்ளங்கள் முட்டை அட்டையின் குழிகளைப் போல வரிசையாக அமையும். இதை ஒளிப்பின்னல் என்று சொல்வோம். குழிக்கு ஓர் அணுவாக நிரப்பினால் ஒரு செயற்கைப் படிகம் கிடைத்துவிடும். ஆனால் சாதாரண அணுக்கள் தொட்டால்தான் ஒன்றையொன்று உணரும். தொடுவதற்கு ஓர் அணு பக்கத்துக் குழிக்குள் குவாண்டம் முறையில் ஊடுருவி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த எட்டிப் பார்த்தல்தான் ஸ்பின்களைப் பிணைக்கிறது. அது இரண்டாம் படி விளைவு என்பதால் மிகவும் மெலிதானது. மெலிதானது என்றால் அதைப் பார்க்க அணுக்களை மேலும் மேலும் குளிர வைக்க வேண்டும். நடுவில் ஒரு குழி காலியாக இருந்தால் பிணைப்பு அங்கேயே அறுந்துவிடும். பக்கத்து வீட்டைத் தாண்டி அது எட்டாது.

இருமுனை உள்ள, அதாவது காந்தத்தைப் போல எதிரெதிரான இரண்டு முனைகள் உள்ள, துகள்களுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. இரண்டு இருமுனைகளுக்கு இடையிலான விசை காலி இடத்தைத் தாண்டியும் எட்டும். ஆற்றல் தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு மிஞ்சும், பூஜ்யமாகிவிடாது. துகள் நகரவே வேண்டாம். ஆணி அடித்தது போல அவரவர் இடத்தில் நிறுத்திவிட்டாலும் ஸ்பின்கள் பேசிக்கொண்டிருக்கும்.

காந்தமா, மின்சாரமா

இருமுனை இரண்டு வகை. சில அணுக்களே வலுவான காந்தங்கள். குரோமியத்தின் காந்தத் திருப்புத்திறன், அதாவது காந்த வலிமை, 6 போர் மேக்னட்டான், எர்பியத்துக்கு 7, டிஸ்ப்ரோசியத்துக்கு 10. டில்மன் ஃபாவின் ஷ்டுட்கார்ட் குழு 2005-இல் குரோமியத்தை போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளாக்கியது, அதாவது அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் குவியும் அளவுக்குக் குளிர வைத்தது. 2011-இல் பெஞ்சமின் லெவ் குழு டிஸ்ப்ரோசியத்தையும், 2012-இல் இன்ஸ்பிரக்கில் ஃபிரான்செஸ்கா ஃபெர்லைனோ குழு எர்பியத்தையும் அந்த நிலைக்குக் கொண்டுவந்தன.

இன்னொரு வகை மின் இருமுனை. இரண்டு வேறுபட்ட அணுக்கள் சேர்ந்த மூலக்கூறில் ஒரு பக்கம் சற்று நேர்மின், மறுபக்கம் சற்று எதிர்மின். ஜைலா குழு எடுத்துக்கொண்டது பொட்டாசியம்-ருபிடியம் மூலக்கூறு. அதன் இருமுனைத் திருப்புத்திறன் 0.57 டிபை. மூலக்கூறுகளின் அளவுகோலில் அது சிறிய எண்தான். இருந்தும் காந்த அணுக்களை அது எங்கோ விட்டுவிடுகிறது. 532 நானோமீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு குரோமிய அணுக்களின் இருமுனை ஆற்றலை அதிர்வெண்ணாக மாற்றினால் 3 ஹெர்ட்ஸ் அளவில் வரும். அதே தூரத்தில் பொட்டாசியம்-ருபிடியம் மூலக்கூறுகளுக்கு 100 ஹெர்ட்ஸ் அளவில் வருகிறது.

மூலக்கூறைக் குளிர வைப்பதுதான் பெரும்பாடு. அணுவைப் போல லேசரைக் காட்டி நேரடியாகக் குளிர வைக்க இந்த மூலக்கூறு இடம் கொடுக்காது. அதனால் சுற்றுவழியில் போனார்கள். முதலில் பொட்டாசியம், ருபிடியம் அணுக்களைத் தனித்தனியாகக் குளிர வைத்தார்கள். பிறகு காந்தப்புலத்தைச் சுமார் 546 காஸ் அருகே மெல்ல நகர்த்தி இரண்டையும் லேசாக ஒட்ட வைத்தார்கள். அந்த ஒட்டல் ஊதினால் பிரிந்துவிடும் அளவுக்குத் தளர்ந்தது. கடைசியாக இரண்டு லேசர்களை ஒத்திசைத்து, அந்தத் தளர்ந்த சோடியை அதிர்வும் சுழற்சியும் இல்லாத அடிநிலைக்கு ஒரே தாவலில் இறக்கினார்கள். கெமிக்கல் பிணைப்பின் முழு ஆற்றலும் லேசர் ஒளியோடு வெளியேறிவிடுகிறது. வாயு துளிகூடச் சூடாவதில்லை. 2008-இல் இதைச் செய்து காட்டியபோதே துறை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்புறம் வந்தது இடி. குளிர்ந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வினைபுரிந்து காணாமல் போயின. இரண்டு பொட்டாசியம்-ருபிடியம் சேர்ந்தால், ஒரு பொட்டாசியம் இரட்டையும் ஒரு ருபிடியம் இரட்டையுமாக மாறுவது ஆற்றல் கணக்கில் லாபம். கெல்வினின் கோடியில் ஒரு பங்கு அளவிலான குளிரிலும் வேதியியல் ஓயவில்லை. இதற்குக் கண்ட தீர்வு முப்பரிமாண ஒளிப்பின்னல். குழிக்கு ஒன்றாக அடைத்துவிட்டால் சந்திப்பே இல்லை, வினையும் இல்லை. 2012-இல் இதே குழு மூலக்கூறுகளை இப்படி 25 வினாடி வரை உயிரோடு வைத்திருந்தது. ஸ்பின்கள் பேசிக்கொள்ளும் நேரம் மில்லிசெகண்டில் இருக்கும்போது 25 வினாடி என்பது ஒரு யுகம்.

குறை ஒன்று மிச்சமிருந்தது. பின்னலில் நூறு குழிகளுக்குப் பத்துக்கும் குறைவாகத்தான் மூலக்கூறு இருந்தது. மற்றதெல்லாம் காலி. அணுக்களை நம்பிய பழைய வழியாக இருந்தால் சோதனை இங்கேயே முடிந்திருக்கும்.

ஸ்பின் எங்கே ஒளிந்திருக்கிறது

'மேல்', 'கீழ்' என்ற இரண்டு ஸ்பின் நிலைகளுக்கு மூலக்கூறின் சுழற்சியைப் பயன்படுத்தினார்கள். சுழலாத நிலை கீழ் ஸ்பின், ஓர் அலகு சுழலும் நிலை மேல் ஸ்பின். இரண்டுக்கும் இடையே உள்ள ஆற்றல் இடைவெளி 2.2 கிகாஹெர்ட்ஸ், மைக்ரோவேவ் கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். எந்த இடத்திலும் காந்தத்தின் ஸ்பின் கிடையாது. ஆனால் சமன்பாட்டுக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம். எழுத்துக்கு எழுத்து அதே வடிவம் வந்துவிட்டால் போதும்.

இதில் பலரும் இடறுகிற ஓர் இடம் உண்டு. வெளியிலிருந்து மின்புலம் எதுவும் கொடுக்கவில்லை. மின்புலம் இல்லாதபோது, சுழலாத மூலக்கூறுக்கும் சரி, சுழலும் மூலக்கூறுக்கும் சரி, சராசரி இருமுனை பூஜ்யம். எல்லாத் திசையும் சமமாக இருப்பதால் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. அப்படியானால் இருமுனை விசை எங்கிருந்து வந்தது? இரண்டு நிலைகளும் கலந்திருக்கும்போது வந்தது. கலவையில் இருமுனை 2.2 கிகாஹெர்ட்ஸில் ஆடத் தொடங்குகிறது. பக்கத்து மூலக்கூறும் அதே அதிர்வெண்ணில் ஆடக்கூடியது. ஒரே சுருதியில் கட்டிய இரண்டு தந்திகளைப் போல, ஒன்றின் ஆட்டம் மற்றதற்குத் தாவும். மேல்-கீழ் என்று இருந்த சோடி கீழ்-மேல் ஆகும், பிறகு பழையபடி திரும்பும். காந்தவியலில் இதற்குப் பெயர் ஸ்பின் பரிமாற்றம். மின்புலம் கொடுத்தால் இன்னொரு வகைப் பிணைப்பும் சேரும்; இரண்டின் விகிதத்தைப் புலத்தை வைத்தே மாற்றலாம். 2013-இல் அவர்கள் வேண்டுமென்றே புலத்தைத் தொடவில்லை. பரிமாற்றம் ஒன்றை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தார்கள். அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

ஒரே ஒரு சோடியைக் கிட்ட வைத்துப் பார்ப்போம். இரண்டு மூலக்கூறுகளையும் மேலும் கீழும் சமமாகக் கலந்த நிலையில் வைக்கிறோம். இந்தக் கூட்டு நிலையில் இரண்டு பாகங்கள் உண்டு. இருவரும் ஒரே பக்கம் இருக்கும் பாகம் ஒன்று. ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக இருக்கும் பாகம் மற்றது. பரிமாற்றத்துக்கு முதல் பாகத்தில் வேலையே இல்லை, அதன் ஆற்றல் மாறுவதில்லை. இரண்டாம் பாகத்தின் ஆற்றல் மட்டும் சற்று நகர்கிறது. ஆகவே நேரம் போகப் போக இரண்டு பாகங்களின் கட்டமும், அதாவது ஆட்டத்தின் சுற்றில் அவை நிற்கும் இடமும், விலகிக்கொண்டே போகும். கால் சுற்று விலகும்போது ஒரு விநோதம் நடக்கிறது: தனித்தனியாகப் பார்த்தால் எந்த மூலக்கூறுக்கும் திசையே இருக்காது, கான்ட்ராஸ்ட் பூஜ்யம். எதுவும் தொலைந்துபோகவில்லை. தகவல் முழுவதும் இருவருக்கும் பொதுவாக, பின்னிப்பிணைந்த நிலையில் இருக்கிறது. முழுச் சுற்று முடியும்போது கான்ட்ராஸ்ட் அப்படியே திரும்பி வரும்.

இப்போது வரைபடத்தின் கோட்டுக்குத் திரும்பலாம். பின்னலில் சில மூலக்கூறுகளுக்குப் பக்கத்திலேயே துணை இருக்கிறது, அவை வேகமாக ஆடும். சிலவற்றுக்குத் துணை மூலைவிட்டத்தில் இருக்கிறது, ஆட்டம் மெதுவாகும். சிலவற்றுக்கு இன்னும் தூரத்தில். திசையும் கணக்கில் வரும்: காந்தப்புலத்தோடு 54.7 பாகை சாய்ந்து நிற்கும் சோடிக்கு விசையே இருக்காது. இத்தனை வேகங்களையும் கூட்டினால் என்ன கிடைக்கும்? மொத்தமாகச் சரியும் ஒரு கோடு. அதன் மேல், மிகவும் நெருங்கிய சோடிகளின் வேகத்தில் ஒரு மெல்லிய நெளிவு.

நடத்திய விதம்

எல்லா மூலக்கூறுகளும் முதலில் சுழலாத நிலையில் இருக்கின்றன. ஒரு மைக்ரோவேவ் துடிப்பு எல்லாவற்றையும் பாதிக்குப் பாதி கலவையாக்குகிறது. பிறகு காத்திருப்பு. காத்திருக்கும் நேரத்தின் நடுவில் ஸ்பின்களைத் தலைகீழாக்கும் ஒரு துடிப்பு. கடைசியில் கட்டத்தை மாற்றி மாற்றி இன்னொரு பாதித் துடிப்பு கொடுத்து, எத்தனை மூலக்கூறு எந்த நிலையில் முடிகிறது என்று எண்ணுகிறார்கள். கட்டம் மாறும்போது எண்ணிக்கை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதுதான் கான்ட்ராஸ்ட்.

நடுத் துடிப்பு ஏன்? பின்னலின் ஒரு மூலையில் இருக்கும் மூலக்கூறும் மறு மூலையில் இருப்பதும் துல்லியமாக ஒரே அதிர்வெண்ணில் ஆடுவதில்லை. தலைகீழாக்கினால் முதல் பாதியில் முந்தியது இரண்டாம் பாதியில் பிந்தும், கணக்கு நேராகும். தனி மூலக்கூறின் நிலையான பிசகு இப்படி நீங்கிவிடும். ஆனால் இருவருக்கும் இடையிலான பரிமாற்றம் தலைகீழாக்கினாலும் மாறாது. அது அப்படியே தங்கும். இதற்கு முன்பே இன்னொரு வேலையும் நடந்திருந்தது. பின்னலின் லேசர், சுழலும் மூலக்கூறையும் சுழலாததையும் வெவ்வேறு அளவில் இழுக்கும். லேசரின் முனைவுத் திசையை, அதாவது அதன் மின்புலம் ஆடும் திசையை, காந்தப்புலத்தோடு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திருப்பினால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். அந்தக் கோணத்தைத் தேடிப் பிடிக்க 2012-இல் தனியாக ஓர் ஆய்வே செய்திருந்தார்கள். அந்த ஆயத்தம் இல்லாவிட்டால் நெளிவு எல்லாம் அழுக்கில் மூழ்கிப் போயிருக்கும்.

மூன்று சாட்சிகள்

முதல் சாட்சி அதிர்வெண். சுழலும் நிலையில் தேர்ந்தெடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றில் இருமுனை காந்தப்புலத்தின் அச்சோடு முன்னும் பின்னும் நேர்கோட்டில் ஆடும். மற்றதில் அச்சுக்குச் செங்குத்தான தளத்தில் வட்டமாகச் சுற்றும். சுற்றும் இருமுனையின் விசையைச் சராசரி எடுத்தால், நேர்கோட்டில் ஆடுவதன் விசையில் பாதிதான், குறியும் எதிர். ஆகவே முதல் வகைக்கு நெளிவு 104 ஹெர்ட்ஸிலும் இரண்டாவதற்கு 52 ஹெர்ட்ஸிலும் வர வேண்டும். இருமுனைத் திருப்புத்திறனும் குழிகளுக்கு இடையிலான 532 நானோமீட்டர் தூரமும் தெரிந்தால் இந்த எண்களைத் தாளில் போட்டே எடுத்துவிடலாம். சரிசெய்துகொள்ள எந்தத் திருகும் கையில் கிடையாது. சோதனையில் இரண்டு வகைக்கும் நெளிவு இந்தக் கணக்கோடு ஒத்துப்போனது. ஒரு பழுது தற்செயலாக 52 ஹெர்ட்ஸில் ஆடலாம். ஆனால் மைக்ரோவேவை வேறு நிலைக்கு மாற்றியவுடன் தானும் இரட்டிப்பாகும் பழுதை நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது சாட்சி அடர்த்தி. மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறைத்து அதே அளவீட்டை மறுபடி எடுத்தார்கள். கான்ட்ராஸ்ட் அதிக நேரம் தாங்கியது. லேசரோ காந்தப்புலமோ குற்றவாளியாக இருந்தால், பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு தனி மூலக்கூறுக்கு ஒரு பொருட்டே அல்ல. கூட்டம் குறையக் குறைய ஆயுள் கூடுகிறது என்றால் காரணம் கூட்டத்துக்குள்தான் இருக்கிறது.

மூன்றாவது சாட்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. காந்த அதிர்வு நிறமாலையியலில் அரை நூற்றாண்டாகப் புழங்கும் ஒரு வித்தை இருக்கிறது. தகுந்த இடைவெளியில் தகுந்த துடிப்புகளைக் கொடுத்து, இருமுனைப் பிணைப்பையே அணைத்துவிடலாம். 1968-இல் வா, ஹூபர், ஹேபர்லன் மூவரும் திண்மப் பொருள்களுக்காகக் கண்டுபிடித்த துடிப்பு வரிசை அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. ஜைலா குழு அந்த வழியில் ஒரு வரிசையை அமைத்தது. மேலே பார்த்த சோடியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பாகத்துக்கு ஆற்றல் நகர்கிறது, மற்றதற்கு இல்லை. நடுநடுவே துடிப்பு கொடுத்து இரண்டு பாகங்களையும் இடம் மாற்றிவிட்டால், அந்த ஆற்றல் நகர்வு இரண்டுக்கும் சம பங்காகக் கிடைக்கும். விலகல் அழிந்துபோகும். அப்படிச் செய்தபோது நெளிவு அடங்கியது. இந்த வரிசை அழிக்கவென்று அமைத்தது சோடிகளின் பரிமாற்றத்தைத்தான். அடங்கியது எது என்று பார்த்தாலே, அதற்கு முன் ஆடியது எது என்று தெரிந்துவிடுகிறது. ஒரு விளக்கு எந்த ஸ்விட்சில் எரிகிறது என்று சந்தேகம் வந்தால் நாமும் அணைத்துத்தான் பார்ப்போம்.

மூன்றில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் வாதம் நொண்டும். அதிர்வெண் மட்டும் என்றால் தற்செயல் எனலாம். அடர்த்தி மட்டும் என்றால் மோதல் எனலாம். துடிப்பு வரிசை மட்டும் என்றால் வேறு ஏதோ இரைச்சலையும் அது சேர்த்து வடிகட்டியது எனலாம். மூன்றும் மூன்று வேறு பக்கத்திலிருந்து வந்து ஒரே இடத்தில் நிற்கின்றன. அந்த இடத்தில்தான் இந்தக் கட்டுரையின் பலம் இருக்கிறது.

வெப்பத்தைப் பற்றி ஒரு கேள்வி

100 ஹெர்ட்ஸ் என்ற ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் சுமார் 5 நானோகெல்வின். மூலக்கூறு வாயுவின் வெப்பநிலையோ நூற்றுக்கணக்கான நானோகெல்வின். இவ்வளவு சூட்டில் இவ்வளவு மெல்லிய விளைவு எப்படித் தெரிந்தது? நான் முதலில் படித்தபோது நின்ற இடம் இது.

விடை, ஒழுங்கின்மை எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. எந்தக் குழியில் மூலக்கூறு இருக்கிறது, எதில் இல்லை என்பது தாறுமாறாக இருக்கலாம். ஆனால் மூலக்கூறுகள் நகராததால் அந்தத் தாறுமாறு உறைந்துபோய்க் கிடக்கிறது. ஸ்பின்களோ ஒன்று பாக்கியில்லாமல் ஒரே நிலையில் தொடங்குகின்றன. மைக்ரோவேவ் எல்லாவற்றையும் ஒரே மாதிரி திருப்புகிறது. ஸ்பின்களைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய குறையே இல்லாத குளிர். இருமுனைப் பரிமாற்றத்துக்கு நகர்ச்சி தேவையில்லை என்பதால் ஒரு பக்கத்தின் அலங்கோலம் மறுபக்கத்துக்குக் கசிவதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இந்த முறையில் ஸ்பின்கள் தொடக்கத்திலிருந்து எப்படி ஓடுகின்றன என்று பார்க்கலாம். காந்தப் பொருளின் அடிநிலை ஒழுங்கை, ஸ்பின்கள் தாமாக அடங்கி வரிசையாக நிற்பதை, பார்க்க முடியாது. 2013-இன் சோதனை இயக்கத்தைக் காட்டியது, ஒழுங்கைக் காட்டவில்லை. குழு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

கணக்கு எங்கே தடுமாறியது

ஆரம்பத்தில் எல்லாவற்றையும் சோடிகளாக நினைத்துக் கணக்குப் போடலாம் என்று தோன்றும். பத்துக்கு ஒன்றுகூட நிரம்பாத பின்னலில் மூன்றாவது ஆள் எங்கே இருக்கப் போகிறார்? ஆனால் சோடிக் கணக்கு போதவில்லை. 2014-இல் ஹசார்டும் கூட்டாளிகளும் வேறு விதமாகப் போட்டார்கள். ஒவ்வொரு மூலக்கூறையும் நடுவில் வைத்து, அதோடு வலுவாகப் பிணைந்த சில அண்டை மூலக்கூறுகளைச் சேர்த்து ஒரு கொத்தாக்கி, அந்தக் கொத்தைத் துல்லியமாகத் தீர்த்து, எல்லாக் கொத்துகளுக்கும் சராசரி எடுத்தார்கள். அளவீட்டோடு அது பொருந்தியது. இதன் பொருள் முக்கியமானது: காலி இடமே அதிகமாக இருந்த அந்தப் பின்னலிலும் பலர் சேர்ந்த குவாண்டம் இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எட்டில் ஒரு பங்காகக் குறையும் விசை என்றாலும், தூரம் கூடும்போது அந்தத் தூரத்தில் இருப்பவர்களின் எண்ணிக்கையும் கூடுகிறது அல்லவா.

ஆனால் இதையே திருப்பியும் கேட்கலாம். சாதாரணக் கணினியில் போட்டுச் சரிபார்க்க முடிந்த ஒன்றை எதற்குச் சோதனையில் செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. என் கருத்து: கணக்கிட முடிந்த இடத்தில் ஒத்துப்போகாத கருவியை, கணக்கிட முடியாத இடத்தில் யாரும் நம்பக் கூடாது. 2013-14-இல் நடந்தது அளவுகோலைச் சரிபார்க்கும் வேலை.

அதே ஆண்டு, குரோமியம்

பாரிஸின் வடக்குப் புறநகரில் புருனோ லபுர்த்-டோல்ரா குழு அதே 2013-இல் வேறொரு வழியில் போனது. அவர்களிடம் இருந்தவை குரோமிய அணுக்கள். இங்கே ஸ்பின் உண்மையான காந்த ஸ்பின்தான், அளவு 3. அதாவது இரண்டு நிலை அல்ல, ஏழு. குழிகளுக்கு இடையிலான தூரமும் குறைவு. முழுத் திருப்புத்திறனோடு கால் மைக்ரோமீட்டர் தள்ளி நிற்கும் இரண்டு குரோமிய அணுக்களுக்குக் கணக்கிட்டால் சுமார் 30 ஹெர்ட்ஸ் வருகிறது. மூலக்கூறின் பலம் இல்லாததை நெருக்கத்தால் ஈடுகட்டினார்கள். கூடவே இன்னோர் ஆதாயம்: செறிபொருளிலிருந்து தொடங்கியதால் பின்னலில் காலி இடம் குறைவு. வெவ்வேறு குழிகளில் இருக்கும் அணுக்கள் ஸ்பின்னைப் பரிமாறிக்கொள்வதை அவர்களும் பார்த்தார்கள்.

ஏழு நிலை என்பது கணக்குப் போடுபவரை எப்படி நெருக்கும் என்று பாருங்கள். 18 குரோமிய அணுக்களே போதும். 7-இன் 18-ஆம் படி, 50 சாதாரண ஸ்பின்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிடுகிறது. சோதனையில் இருந்தவை பத்தாயிரம் அளவில். 2019-இல் அதே குழு, ஆனா மரியா ரேயின் கோட்பாட்டுக் குழுவோடு சேர்ந்து, எல்லா ஸ்பின்களையும் ஒரு கோணத்துக்குச் சாய்த்துவிட்டு ஏழு நிலைகளின் பங்கும் எப்படி மாறுகிறது என்று பின்தொடர்ந்தது. சாய்வு சிறியதாக இருந்தபோது ஒவ்வொரு ஸ்பின்னையும் தனித்த குட்டிக் காந்தமாக எண்ணும் பழைய கணக்கே போதுமானதாக இருந்தது. சாய்வு செங்கோணத்தை நெருங்கியபோது அது பொய்த்தது. ஸ்பின்களுக்கு இடையே வளரும் தொடர்பையும் சேர்த்துக்கொண்ட கணக்குதான் பொருந்தியது. நீண்ட நேரம் விட்டபோது, வெளியிலிருந்து யாரும் தொடாமலேயே அமைப்பு வெப்பச் சமநிலை போன்ற ஒன்றை நோக்கி நகர்ந்தது. 2020-இல் இன்ஸ்பிரக் குழு எர்பியத்தின் ஃபெர்மியான் ஐசோடோப்பில் இருமுனைப் பரிமாற்றத்தைக் கட்டுப்படுத்திக் காட்டியது. அதில் ஸ்பின் நிலைகள் 20.

மூலக்கூறா, காந்த அணுவா என்று யாராவது கேட்டால் எனக்கு ஒற்றை விடை கிடையாது. வலு மூலக்கூறிடம். நிரப்பமும் சிக்கலற்ற தயாரிப்பும் அணுவிடம். ஏழு நிலை, இருபது நிலை ஸ்பின்கள் வேண்டுமென்றால் அணுவிடம்தான் போக வேண்டும்.

குழி நிரம்பிய பிறகு

ஜைலா குழு 2015-இல் நிரப்பத்தை 25 சதவீதத்துக்கு உயர்த்தியது. மூலக்கூறாக்கிய பிறகு அடைப்பதற்குப் பதிலாக, அணுக்களை முதலிலேயே குழிக்கு ஒன்றாக ஒழுங்காக அடுக்கி, அதன் பிறகு ஒட்ட வைத்தார்கள். டெபோரா ஜின் 2016 செப்டம்பரில், 47 வயதில் காலமானார். இந்தத் துறையில் அவர் கை படாத கருவி குறைவு. குழு வேலையைத் தொடர்ந்தது. 2019-இல் மூலக்கூறு வாயுவையே, குவாண்டம் விதிகள் முழுதாக ஆளும் அளவுக்குக் குளிர்ந்த 'குவாண்டம் சிதைவு' நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 2023-இல் மின்புலத்தைக் கொடுத்து இரண்டு வகைப் பிணைப்பின் விகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள்.

2013-இன் வாதத்தில் ஒரு இடைவெளி இருந்தது. யாரும் ஒரு சோடியைக் கண்ணால் பார்க்கவில்லை. அளந்ததெல்லாம் மொத்தச் சராசரி. சோடி இருக்கிறது என்பது அதிலிருந்து எடுத்த முடிவு. 2023-இல் பிரின்ஸ்டனில் வசீம் பாக்ர் குழு சோடியம்-ருபிடியம் மூலக்கூறுகளைப் பின்னலில் வைத்து, நுண்ணோக்கி வழியாகக் குழி குழியாகப் படமெடுத்தது. எந்தக் குழியின் ஸ்பின் எந்தக் குழியோடு தொடர்பு கொண்டிருக்கிறது, அந்தத் தொடர்பு நேரத்தோடு எப்படி வளர்கிறது என்று நேரடியாக அளந்தார்கள்.

அதே ஆண்டின் இறுதியில் பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டிலும் இருந்த இரண்டு குழுக்கள் பின்னலையே விட்டுவிட்டன. லேசரால் ஆன இடுக்கி ஒன்றில் ஒரு கால்சியம் ஃபுளோரைடு மூலக்கூறு, பக்கத்து இடுக்கியில் இன்னொன்று. இடுக்கிகளை நகர்த்தி இரண்டையும் அருகில் கொண்டுவந்தார்கள். மைக்ரோவேவ் துடிப்பு, காத்திருப்பு, மறுபடி துடிப்பு. எந்தச் சோடி, எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. தூரத்தை அவர்களே வைத்தார்கள். பரிமாற்றம் முன்னும் பின்னும் ஆடியது, சரியான இடத்தில் நிறுத்தியபோது இரண்டு மூலக்கூறுகளும் பின்னிப்பிணைந்திருந்தன. பத்தாண்டுகளுக்கு முன் போல்டரில் ஒரு கோட்டை நெளிய வைத்தது இதே ஆட்டம்தான்.